எங்கள் கூரையின் மேல்பாதி எங்கே?



சித்திரை பிறந்துவிட்டது. இந்தத் தலையங்கத்தை வங்கி வேலை முடிந்து வந்து, ராசிபுரம் பக்கத்தில் எங்கள் காலனி வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே உட்கார முடியவில்லை. மணி ஒன்பது. வாசலில் வேப்பமரத்துக் காற்று கொஞ்சம் வருகிறது. உள்ளே, பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் இப்போதுதான் துப்பிக்கொண்டிருக்கிறது. மின்விசிறி சுற்றத்தான் செய்கிறது. அந்த அனலையே எடுத்து முகத்தில் அடிக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஆம்பளைகள் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுக்கொள்வார்கள். பொம்பளைகளுக்கு அந்த வசதி இல்லை. வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு அறவே இல்லை. என் அக்கா மகள் போன மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, புத்தகத்தில் சொட்டாமல் பிழிந்து பிழிந்து படித்தாள். மூன்று வீடு தள்ளி ஒரு பெரியவர். இரண்டு கோடைக்கு முன்னால் மத்தியானம் சாப்பிட்டு உள்ளே படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. “வயசாயிருச்சு” என்றார்கள். வயசு எழுபதுதான். அவர் தலைக்கு மேல் இருந்த தளத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நிலம், கூலி, வன்கொடுமை, இடஒதுக்கீடு என்று எழுதுகிற பக்கத்தில் சுருக்கியும் தட்டோடும் என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்கட்டும். சேரியைப் பற்றி ஊர் எழுதிய சட்டங்களில் கூரைச் சட்டம் முக்கியமானது. யார் ஓடு போடலாம், யார் மச்சு வீடு கட்டலாம் என்பதையெல்லாம் சாதிதான் தீர்மானித்தது. திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் சாணார்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக்கூடாது என்று தடை இருந்தது. நம் பக்கத்தில் தனியாக எழுதி வைக்க வேண்டிய தேவையே இல்லை. நம்மவன் ஒருத்தன் ஓடு போட்டால் அடுத்த வாரமே ஏதாவது ஒரு ‘பிரச்சினை’ வந்துவிடும்.

எங்காயா இளவயதில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மச்சு தட்டப் போனவள். அந்தக் காலத்து வியாபாரி வீடுகளின் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. கட்டை பட்டால் துள்ள வேண்டும், அதுவரைக்கும் தட்ட வேண்டும். அதற்கு மேல் தட்டோடு பதிப்பார்கள். அதுதான் சுருக்கித் தளம். மழை உள்ளே இறங்காது, வெயிலும் சுலபத்தில் இறங்காது. தட்டி முடித்து அவள் திரும்பி வந்து படுத்தது கரும்புத் தோகை வேய்ந்த குடிசைக்குள். ஊரானின் தலைக்கு மேல் இருக்கும் குளிர்ச்சியை எங்காயா கையால் செய்து கொடுத்திருக்கிறாள். அந்த வித்தை அவள் வீட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

சேலத்தில் ஒரு கூட்டத்தில், மாற்றுக் கட்டடக்கலை பேசுகிற நண்பர் ஒருவர் மண்சுவரையும் ஓலைக் கூரையையும் புகழ்ந்து தள்ளினார். இயற்கையோடு இயைந்த வாழ்வாம். சூடே இல்லையாம். அதை வந்து ஆயாவிடம் சொன்னேன். “ஓலையில குளிர்ச்சி இருக்குது கண்ணு, நெருப்பும் இருக்குது” என்றாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஓலையில் நெருப்பு இருக்கிறது என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் ஒண்டியிருந்த 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. எனவேதான் கான்கிரீட் தளம் நமக்கு வெறும் கட்டடச் சாமானாக இருக்கவில்லை. தீப்பந்தம் எறிந்தால் பற்றாத கூரை அது. அதற்காகப் போராடினோம், மனு கொடுத்தோம், வரிசையில் நின்றோம். 2012 நவம்பர் 7ஆம் தேதி தர்மபுரி பக்கம் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் புகுந்தவர்கள், காரை வீட்டையும் உள்ளே புகுந்து கொளுத்த முடியும் என்று காட்டினார்கள். அப்படியும் ஓலைக்குத் திரும்பிப் போக நாம் தயாரில்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது இந்தத் தலையங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அவர்களே கான்கிரீட் வேண்டாம் என்கிறார்கள்’ என்று பேசக்கூடாது.

நமக்குக் கான்கிரீட் வேண்டும். ஆனால் முழுசாக வேண்டும். இதுவரை நமக்குக் கொடுத்தது கூரையின் கீழ்ப்பாதியை மட்டும்தான்.

இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-86இல் தொடங்கியபோது அது தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே வந்தது. எங்கள் காலனி வீடுகள் அந்தத் திட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் கட்டியவை. நாலு அங்குலத் தளம். அதன் மேல் சுருக்கி கிடையாது, தட்டோடு கிடையாது, தண்ணி ஓட வாட்டமும் சரியாகக் கிடையாது. கான்ட்ராக்டர் தின்றாரோ, கணக்கிலேயே இல்லையோ, எப்படியிருந்தாலும் வெயில் எங்கள் தலையில்தான் இறங்கியது. கேட்டபோது, “தளம் போட்டாச்சில்ல, இன்னும் என்னங்கறீங்க?” என்றாராம் அந்தக் காலத்து மேஸ்திரி. அப்பா சொல்லியிருக்கிறார்.

இன்று எங்கள் தெருவின் மாடிகளைப் போய்ப் பாருங்கள். மழைக்கு ஒழுகுகிற இடத்தில் எல்லாம் பழைய பிளக்ஸ் பேனரை விரித்துக் கல் வைத்திருக்கிறார்கள். எல்லாக் கட்சித் தலைவர்களும் வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி வெயிலில் கிடக்கிறார்கள். சேரிக்கு அவர்கள் கொடுத்த கூரைக் காப்பு அது ஒன்றுதான்.

இனி நான் வேலை பார்க்கும் இடத்துக்கு வருகிறேன். வங்கியில் குமாஸ்தா. ஒரே மேஜைக்கு இரண்டு விதமான கூரைகள் காகிதமாக வருகின்றன. ஒன்று வீட்டுக் கடன் மனு. இன்னொன்று கோழிப்பண்ணைக் கடன் மனு. இது நாமக்கல் சீமை, முட்டைச் சீமை. பண்ணை ஷெட்டின் திட்ட அறிக்கையைப் படித்தால் ஒரு கட்டடம் எப்படி மூச்சுவிட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளலாம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும், பக்கச் சுவரில் வெயில் படாமலிருக்க. இரண்டு பக்கமும் கம்பிவலை, காற்று குறுக்கே ஓட. கூண்டுகள் தூண் மேல் உயரத்தில். கூரை நடுவில் உயர்ந்து, உச்சியில் சூடான காற்று வெளியேற வழி. விளிம்பில் நீண்ட இறவாரம். கோடையில் கூரைக்கு வெள்ளையடிப்பார்கள், தென்னங்கீற்று பரப்புவார்கள், தண்ணீர் தெளிப்பான் வைப்பார்கள், உள்ளே புகைபோல் நீர் தூவும் குழாய் ஓடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வாராவாரம் வானிலை அறிக்கை வருகிறது. இந்த வாரம் கோழிகளுக்கு வெப்ப அயற்சி வரலாம், தீவனத்தை இப்படி மாற்றுங்கள் என்று பத்திரிகையில் போடுகிறார்கள்.

கோழிக்கு இதைச் செய்யாதே என்று நான் சொல்லவில்லை. அதுவும் உயிர்தான். சூட்டில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், தீவனம் எடுக்காது, முட்டை ஓடு மெலியும், செத்தும் போகும். செத்தால் நஷ்டம் என்று கணக்கில் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் தெருப் பெரியவர் செத்ததை எழுத எந்தக் கட்டமும் இல்லை. அந்த ஷெட்டில் முட்டை பொறுக்குவதும், எரு அள்ளுவதும், மத்தியானம் கூரைக்குத் தண்ணீர் விடுவதும் யார்? எங்கள் காலனிப் பெண்கள். கோழியின் கூரையைப் பகலெல்லாம் குளிரவைத்துவிட்டு, பொழுது சாய, தங்கள் கூரை உச்சமாகக் கொதிக்கிற நேரத்துக்குச் சரியாக வீடு வந்து சேருகிறார்கள். செவ்வாய்ப்பேட்டை மாடியில் எங்காயா செய்ததை இவர்கள் இன்று பண்ணையில் செய்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் அறிவியல் பேசியாக வேண்டும். மனு எழுதப் போகும் தோழர்களும் மாணவர்களும் பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். நம்மை ஏமாற்றுகிறவர்கள் நமக்கு இது தெரியாது என்ற தைரியத்தில்தான் ஏமாற்றுகிறார்கள்.

நாமக்கல் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 11 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் உச்சிப்பொழுதில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. நிழல் காலடியில் மறைந்துவிடும். அப்போது சுவரைவிடத் தளம்தான் அதிக வெயிலை வாங்குகிறது. தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் வாட். முந்நூறு சதுர அடி வீடு என்றால் 28 சதுர மீட்டர், ஆக 28 ஆயிரம் வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டிகள் இருபத்தெட்டை மாடியில் பரப்பி சுவிட்ச் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பழுத்துக் கருத்த சிமெண்டுத் தளம் அதில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிவிடும். புதிதாக அடித்த வெள்ளை மேற்பரப்பு அதே அளவைத் திருப்பி எறிந்துவிடும். கறுப்புத் தார் ஷீட் போட்டால் கிட்டத்தட்ட முழுசையும் குடிக்கும். ஒழுகலுக்காகக் கறுப்பு ஷீட் ஒட்டிய வீட்டுக்காரர்கள் சூட்டை விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

உறிஞ்சிய சூடு நாலு அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து கீழே வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. அதனால்தான் வெளியே வெயில் தாழ்ந்த பிறகும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகிறது. அந்தச் சூடு காற்று வழியாக மட்டும் வருவதில்லை. அடுப்புக்கு முன்னால் நின்றால் முகம் சுடுகிறதே, அதைப்போலத் தளத்தின் அடிவயிறு நேராக நம் உடம்பின் மேல் வீசுகிறது.

“அப்ப மேல நாலு ஓட்டை போட்டு விட்ரலாமே, சூடு போயிடும்” என்று சொல்கிறவர்கள் உண்டு. பண்ணை ஷெட்டில் உச்சித் திறப்பு வேலை செய்கிறதே என்பார்கள். அங்கே வேலை செய்வதற்குக் காரணம் கூரையின் சாய்வும் உயரமும். சூடான காற்று மேலே ஏறும், ஆனால் ஏறுவதற்கு உயரம் வேண்டும். கீழ் வாசலுக்கும் மேல் வாசலுக்கும் நடுவில் எவ்வளவு உயரம் இருக்கிறதோ அவ்வளவு இழுப்பு. மட்டமான தளத்திலும், சரிவு குறைந்த ஷீட்டுக் கூரையிலும் அந்த உயரம் கிடையாது. கூரைக்கும் உள்கூரைக்கும் இடையில் சந்து விட்டு ஓட்டை போட்டாலும் காற்று பெரிதாக நகராது. தளத்தை ஒட்டிச் சுவரில் வெண்டிலேட்டர் வைத்தால், மேலே தேங்கும் சூட்டுக் காற்று வெளியேறும். அது நல்லது, வேண்டும். ஆனால் தளம் நேராக வீசும் சூட்டை எந்த ஓட்டையும் தடுக்காது. கூரை சூட்டைத் தடுக்க வேண்டும், எதிரெதிர் ஜன்னல்கள் வியர்வையை உலர்த்த வேண்டும். இவை இரண்டு தனித்தனி வேலைகள். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றும் கொடுத்ததாகக் கணக்குக் காட்ட விடக்கூடாது.

அடுத்தது ஈரம். சித்திரையில் காய்கிற நம் பூமி ஐப்பசியில் புழுங்குகிறது. காற்றே நனைந்து கிடக்கும். அப்போது ஷீட்டுக் கூரைக்குக் கீழே மூடிய சந்து இருந்தால் என்ன ஆகும்? தெளிந்த இரவில் ஷீட்டு வானத்துக்குச் சூட்டை விட்டுக் குளிர்ந்துபோகும். ஈரக்காற்று அதன் அடியில் பட்டு, சோற்றுப்பானை மூடியில் போலத் துளித்துச் சொட்டும். மழையே இல்லாத நாளில் வீடு ஒழுகும். அந்தச் சந்தில் தெர்மாகோல் வைத்தால் நனைந்து, பூஞ்சை பிடித்து, எலி கடித்து வீணாகும். அதைவிட மோசம், தெர்மாகோல் நன்றாகப் பற்றி எரியும். ஓலையை விட்டு ஓடி வந்த நாம் தலைக்கு மேல் தெர்மாகோலைத் தொங்கவிடுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

இன்னொரு எச்சரிக்கை. கல்நார் ஷீட்டில் காற்றுக்காக என்று துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பல நாடுகள் தடை செய்துவிட்டன. நம் கூரைகளில் அது இன்னும் கிடக்கிறது. வைத்திருப்பவர்கள் மேலே வெள்ளை பூசலாம், சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைக்காமல் விடலாம். மாற்றக் கேட்டுப் போராடலாம். உடைக்க வேண்டாம்.

கான்கிரீட் தளத்துக்கு எது சரி? காப்பு தளத்துக்கு மேலே இருக்க வேண்டும், கீழே அல்ல. உள்கூரை போட்டுக் கீழே காப்பு வைத்தால், தளம் தினமும் வெயிலில் வெந்து விரியும், இரவில் சுருங்கும். கைப்பிடிச் சுவர் ஓரம் வெடிக்கும். வெடிப்பில் மழைத் தண்ணி இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துரு பல மடங்கு உப்பும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு பிளாக்பிளாக்காகக் கொட்டும். தொட்டிலுக்கு மேல் காரை விழுந்த வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. பிள்ளை அப்போது தாயின் இடுப்பில் இருந்ததால் தப்பியது. காப்பு மேலே இருந்தால் தளத்துக்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது. ஆக, குளிர்ச்சிக்கான மேல்பாதியே ஆயுளுக்கான மேல்பாதியும் ஆகிறது. முப்பது வருஷத்தில் நம் வீடுகள் இடிந்து விழுவதைப் பார்த்து, ‘இவங்களுக்கு வீட்டை வச்சுக்கத் தெரியல’ என்று பேசுகிறார்களே, அவர்களுக்குப் பதில் இதுதான்.

கொஞ்சம் கணக்கு. ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக எத்தனை வாட் சூடு இறங்கும் என்பதை ‘யு மதிப்பு’ என்கிறார்கள். குறைவாக இருந்தால் நல்லது. மொட்டைத் தளத்துக்கு இது மூன்றரைக்கு மேல். மூன்று அங்குலச் சுருக்கியும் தட்டோடும் போட்டால் சுமார் இரண்டரை. சுருக்கி முக்கியமாக மழைக்கும் வாட்டத்துக்கும்தான். சூட்டுக்கு அது பாதி உதவி. ஒரு அங்குல எக்ஸ்.பி.எஸ். பலகையைத் தளத்தின் மேல் பரப்பி, அதன் மேல் சிமெண்டுப் பூச்சும் வெள்ளை ஓடும் போட்டால் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் 2018இல் ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற வீட்டுக் கட்டட விதியைக் கொண்டுவந்தது. அதன்படி கூரையின் யு மதிப்பு 1.2ஐத் தாண்டக்கூடாது.

நல்ல விதிதானே? யாருக்கு என்று பாருங்கள். 500 சதுர மீட்டர், அதற்கு மேல் மனையுள்ள கட்டடங்களுக்கு. நம் வீடு 28 சதுர மீட்டர். குளிர்பதனப் பெட்டி வாங்க வசதியுள்ளவன் வீட்டுக் கூரைக்குச் சட்டம் காவல் நிற்கிறது. மின்விசிறியும் ஈரத்துண்டும் மட்டும் உள்ள வீட்டின் படியேற அந்தச் சட்டத்துக்கு மனசில்லை. சாதியின் பெயரை எங்கேயும் எழுதாமலே சேரியை வெளியே நிறுத்த அதிகாரத்துக்குத் தெரியும். ஒரு சதுர அடிக் கணக்கே போதும்.

முடியாத காரியமா இது? அகமதாபாத் மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்து, பின்னர் குடிசைப் பகுதி வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளையடித்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையையே அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு என்றும் சொன்னது. செத்த பிறகு கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கைச் சாவதற்கு முன்பே கூரைக்குக் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

கேட்பதற்கான நேரமும் இதுதான். 2024இல், 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய சுமார் இரண்டரை லட்சம் ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க இரண்டாயிரம் கோடி என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய் என்று தொடங்கியது. பழுது என்றால் அவர்களுக்கு உதிர்ந்த காரையைப் பூசுவது. கீழே பூசிய காரை மேலே வெயிலும் மழையும் அப்படியே இருக்கும்வரை மறுபடி உதிரும். ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று. அரசு கட்டிய, கட்டுகிற ஒவ்வொரு தொகுப்பு வீட்டின் மதிப்பீட்டிலும் தளத்தின் மேற்காப்பு தனி இனமாக, தனிப் பணத்தோடு இருக்க வேண்டும். பயனாளி தலையில் கட்டக்கூடாது.

இரண்டு. பழுதுபார்ப்பு என்பது முதலில் மாடியில் தொடங்க வேண்டும். வாட்டம், நீர்க்காப்பு, வெப்பக்காப்பு, வெள்ளை மேற்பரப்பு, பிறகுதான் கீழே பூச்சு.

மூன்று. கூரை விதிக்கு 500 சதுர மீட்டர் வரம்பு இருக்கக்கூடாது. அரசுப் பணத்தில் கட்டும் வீடுகளுக்கு அது கட்டாயமாக வேண்டும்.

நான்கு. ஆண்டுதோறும் மாசி, பங்குனியில் காலனி மாடிகளுக்கு வெள்ளையடிப்பதை ஊராட்சியின் வேலையாக, கூலி கொடுத்துச் செய்ய வேண்டும்.

ஐந்து. கோடையில் வீட்டுக்குள் நிகழும் சாவுகளையும் விசாரித்துப் பதிய வேண்டும். ‘வயசு’ என்று எழுதி மூடக்கூடாது.

மனு கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். மாணவத் தோழர்கள் இந்தக் கோடையில் ஒரு வேலை செய்யுங்கள். மலிவான சுவர் வெப்பமானிகள் கடையில் கிடைக்கின்றன. உங்கள் காலனியில் பத்து வீட்டுக்குள், ஊர்த்தெருவில் பழக்கமான ஒரு மச்சு வீட்டில், பண்ணை வேலைக்குப் போகிறவர்கள் மூலம் ஒரு கோழி ஷெட்டில் தொங்கவிடுங்கள். காலை ஆறு, மதியம் மூன்று, இரவு ஒன்பது என ஒரு மாதம் எழுதுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போவோம். ‘சூடா இருக்குதுங்க’ என்று சொன்னால் சிரிக்கிற அதிகாரி, எழுதி வைத்த எண்ணைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

வீட்டளவில் உடனே செய்யக்கூடியது வெள்ளை. சுண்ணாம்பு, கொஞ்சம் வெள்ளை சிமெண்ட், பிடிப்புக்குப் பசை. முதலில் வெடிப்பை அடைத்து, கூட்டிக் கழுவிக் காயவிட்டுப் பூச வேண்டும். போன வருஷம் அம்மாவும் நானும் எங்கள் மாடியில் அப்படித்தான் அடித்தோம். முன்னெல்லாம் மதியம் மூன்று மணிக்குச் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத தளத்தில், அம்மா வடகம் காயவைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றாள். ஐப்பசி மழையில் பாதி கரைந்துபோயிற்று. தூசி படிந்து மீதியும் மங்கிற்று. வருஷா வருஷம் அடிக்க வேண்டும். அது தற்காலிக ஏற்பாடுதான், விடுதலை அல்ல. இன்னொன்று: பழைய, கம்பி துருத்திய தளத்தின் மேல் அவசரப்பட்டுச் சுருக்கி ஏற்றாதீர்கள். முந்நூறு சதுர அடிக்கு மூன்று அங்குலச் சுருக்கி என்றால் ஏறக்குறைய நாலு டன் எடை. தளம் தாங்குமா என்று தெரிந்தவரைக் கூட்டி வந்து பார்த்த பிறகுதான். தாங்காத தளத்துக்கு எடை குறைந்த பலகை, இல்லையேல் புதுத் தளம். எந்தப் பூச்சு வேலையும் ஈரம் காய்ந்த தை, மாசியில் செய்யுங்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால், வெயில் ஏறியதும் ஆவியாகிக் கொப்புளம் விட்டுக் கிளம்பும்.

கடைசியாக, எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பகல் எட்டு மணி நேரம் ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை கிடைத்த இரண்டாம் வருஷம் சேலத்தில் வாடகைக்குப் போய்விடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். “நீ போ கண்ணு. இந்தத் தெருவு எங்க போகும்?” என்றாள். படித்து மேலே வந்த நம்மில் பலர் தனித்தனியாகக் குளிர்ந்துகொண்டோம். தெரு கொதித்துக்கொண்டே இருக்கிறது. பத்து வருஷமாகப் பண்ணைக் கடன் காகிதத்தில் கோழியின் கூரையைப் படித்தவன், என் தெருவின் கூரைக்காக இப்போதுதான் பேனா எடுக்கிறேன். அந்த வெட்கமும் இந்தத் தலையங்கத்தில் இருக்கிறது.

உள்ளே அக்கா மகள் புரண்டு படுக்கிறாள். தளத்தைத் தொட்டுப் பார்த்தேன். மணி பதினொன்று. இன்னும் சுடுகிறது.

வெப்பமானி வாங்க ஆள் தேவை, தோழர்களே. அடுத்த இதழில் எண்களோடு சந்திப்போம்.

ஜெய்பீம்.